அடைபட்டதால்தான் அலைகிறார்களா?

கேள்வி: கொவிட் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த சனம், அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே இப்போது வான் பிடித்து நுவரெலியா, எல்ல என்று மலைநாடெங்கும் அலைகிறது. வன்னியிலும் இதே கூத்துத்தான். நோய் எம்மவர்களைச் சுகபோகிகளாக்கிவிட்டது என்கிறேன். மறுப்பீர்களா?
– ஒரு வாசகர், மாங்குளம்

பதில்: மறுக்கிறேன். அடைத்து வைத்ததால் அலைகிறார்கள் என்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு உதைக்கிறது. 2020 மார்ச் 20 ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு வந்தது. 2021 இலும் பயணத்தடைகள் வந்து போயின. அவை விலகி மூச்சுவிடுவதற்குள் 2022 இல் பெற்றோலும் மண்ணெண்ணெயும் இல்லாமற் போயின. எரிபொருள் நிலைய வாசலில் இரவிரவாகக் கிடந்தவர்கள், பின்னர் கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறையில் அளந்து கிடைத்த லீற்றர்களை வைத்துக்கொண்டு வயலுக்குப் போவதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று யோசித்தவர்கள்தாம் தாங்கள் குறைசொல்லும் அந்தச் சனம். அந்தப் பங்கீடு 2023 செப்ரெம்பரில்தான் நீங்கியது. அதன்பின் பெருகிய பயணங்கள் முழுவதையும் கொவிட்டின் பற்றில் எழுதினால், பெற்றோல் வரிசையை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

பயணம் குறைவது வேறு, பயண ஆசை குறைவது வேறு. இலங்கைக்கு 2018 இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 2021 இல் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. இதைக் கண்டு இந்த நாட்டைப் பார்க்கும் விருப்பம் செத்துப்போயிற்று என்று யாராவது சொன்னால் நகைப்போம். மூடிய விமான நிலையமும் தனிமைப்படுத்தல் விதிகளும் விருப்பத்தை அளக்கும் கருவிகள் அல்ல. அவ்வாறே, கதவு திறந்ததும் கூட்டம் வருவதைக் கண்டு புதியதோர் ஆசை பிறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது.

அந்த வானுக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பின் ஆசனத்தில் புட்டுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தல்களும். முன்னால் கால் நீட்ட இடம் தேடும் அம்மம்மா. நடுவில், கனடாவிலிருந்து தாயின் திவசத்துக்காக வந்திருக்கும் மகன். அந்தத் தாயின் செத்தவீட்டை அவர் கைபேசித் திரையில்தான் பார்த்திருப்பார். திவசம் முடிந்தபின் சகோதரங்களை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போகிறார் என்றால், அவர் போவது தேயிலைத் தோட்டம் பார்ப்பதற்கா? சுற்றுலாப் பயணிகளின் நோக்கங்களை 1979 இல் ஆராய்ந்த குரொம்ப்டன் என்ற ஆய்வாளர், உறவை நெருக்கமாக்கிக்கொள்வதை அவற்றுள் ஒன்றாகவே எண்ணினார். நுவரெலியாவோ எல்லவோ, இடம் எதுவாயினும் போகும் காரணம் பக்கத்து ஆசனத்தில் இருக்கிறது.

கொவிட் எதையுமே மாற்றவில்லை என்று நான் சொல்லவரவில்லை. நோய் பரவிய நாள்களில் தொலைவைவிட அண்மையும், அடைத்த மண்டபத்தைவிடத் திறந்தவெளியும், நெரிசலான பேருந்தைவிடத் தெரிந்தவர்கள் மட்டும் ஏறும் வாகனமும் மேலாகத் தோன்றின. அந்த அச்சம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. கரையாமல் நிற்பது வேறொன்று: “அடுத்த வருசம் பார்ப்பம்” என்று தள்ளிவைத்த பயணங்களை இப்போது பலரும் தள்ளிவைப்பதில்லை. அடுத்த வருடம் பாதை திறந்திருக்கும் என்பதற்கும், பார்க்கப்போகும் ஆள் இருப்பார் என்பதற்கும் உத்தரவாதமில்லை என்று கண்டுகொண்டார்கள். (போர்க்காலத்தில் யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி மூடப்பட்டிருந்ததை அறிந்த வன்னிச் சனத்துக்கு இது ஒன்றும் புதுப்பாடமன்று, வெளியூராருக்குத்தான் புதிது.)

நேர்த்திக்கடனும் அப்படியே. கடல்நீரில் விளக்கெரியும் முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்குத் தொற்றுக் கட்டுப்பாடுகளால் போகமுடியாதவர்கள், நேர்ந்த காவடியையும் பாற்செம்பையும் மறந்துவிடவில்லை. நேர்த்தியைத் தள்ளிவைக்கலாம், தள்ளுபடி செய்ய முடியாது. பின்வந்த வைகாசிகளில் அவர்கள் அங்கே போனதும் சுகபோகமா?

வெறும் பொழுதுபோக்குக்காகச் சுற்றுபவர்களும் இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்த காசில் போகிறார்கள். நாயாற்றுக் கரையில் அவர்கள் எறிந்துவிட்டுப் போகும் பிளாஸ்ரிக் போத்தல்களைப் பற்றித் தாங்கள் கேட்டிருந்தால் தங்களோடு சேர்ந்து நானும் ஏசியிருப்பேன். அந்தப் பழக்கம் கொவிட்டுக்கு முன்னரே எம்மிடம் இருந்தது.