ஆய்வேட்டு அறிமுகம் திரும்பத் திரும்ப வருகிறதா?

வெள்ளவத்தையிலிருந்து எழுதிய தங்கச்சிக்கு,

நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வேட்டின் அறிமுக அத்தியாயத்தை மேற்பார்வையாளர் மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டார், ஓரத்தில் 'தெளிவில்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். உயர்தரம் வரை தமிழில் படித்ததுதான் காரணமா, காசு கொடுத்து யாரிடமாவது எழுதுவிக்கலாமா, இல்லை கலாநிதிப் பட்டத்தையே விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விரிவுரையாளர் பதவி உறுதியாவது இந்தப் பட்டத்தில் தங்கியிருக்கும்போது பதற்றம் வரத்தான் செய்யும்.

நீங்கள் அனுப்பிய பக்கங்களை நிதானமாக வாசித்தேன். இலக்கணப் பிழைகள் இருக்கின்றன, ஆனால் கொஞ்ச நாளில் திருத்திவிடலாம். அத்தியாயம் திரும்பி வருவது அவற்றால் அல்ல. நீங்கள் எதைத் தேடுகிறீர்கள், அதை ஏன் இனித்தான் தேட வேண்டியிருக்கிறது என்பது அத்தனை பக்கத்தில் எங்கேயும் இல்லை.

வெள்ளம் வடிந்ததும் கால்வாயோரக் குடும்பங்கள் ஏன் அதே இடத்துக்குத் திரும்புகின்றன என்பது உங்கள் தலைப்பு. அருமையான தலைப்பு. அத்தியாயமோ நீரின் பெருமையில் தொடங்குகிறது. பிறகு நைல் நதி, சிந்துவெளி, புவி வெப்பமடைதல், தெற்காசியா, இலங்கையின் மழைக்காலங்கள். நீங்கள் ஆய்வு செய்யும், கொழும்பை அடுத்த கொலன்னாவை வரும்போது ஆறாம் பக்கம் ஆகிவிடுகிறது. உலகத்திலிருந்து தொடங்கி ஊருக்கு வரும்படிதான் பள்ளிக்கூடக் கட்டுரையில் நமக்குப் பழக்கினார்கள். ஆய்வேட்டில் அது எடுபடாது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவைக்குள் தண்ணீர் புகுந்ததிலேயே தொடங்குங்கள். ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், 2018இல் கொழும்பு ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றதை அடுத்த வரியில் வையுங்கள். ஈரநிலங்களுக்காகப் பெயர் பெற்ற நகரம், அதே ஈரநிலங்களின் ஓரத்தில் நனையும் வீடுகள். வாசிப்பவர் நிமிர்ந்து உட்கார இது போதும்.

இனி அறிமுகத்தின் அமைப்பைப் பார்ப்போம். ஆய்வுக் கட்டுரைகளின் அறிமுகங்களைப் பகுத்துப் பார்த்த மொழியியலாளர் ஜோன் ஸ்வேல்ஸ், 1990இல் அவற்றுக்குள் மூன்று நகர்வுகளைக் காட்டினார். முதலில் களத்தை, அதாவது தலைப்பையும் அதில் இதுவரை தெரிந்ததையும், காட்டுவது. அடுத்து, அந்தக் களத்தில் இன்னும் நிரம்பாத இடத்தை, அதாவது இடைவெளியை, காட்டுவது. கடைசியாக, அந்த இடத்தில் உங்கள் ஆய்வை வைப்பது. டேவிட் பண்டன் என்பவர் ஹொங்கொங் பல்கலைக்கழகத்தின் 45 கலாநிதி ஆய்வேடுகளை எடுத்து, அவற்றின் அறிமுகங்களில் இந்த நகர்வுகளைத் தேடினார். அங்கேயும் பெரும்பாலான மாணவர்களுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். ஆய்வேட்டின் அறிமுகம் நீளமானது என்பதால் இந்த நகர்வுகள் ஒரே தடவையில் முடிவதில்லை, சுற்றிச் சுற்றி வருகின்றன என்று அவர் கண்டார். ஆகவே எல்லாப் பின்னணியையும் முன்னால் கொட்டிவிட்டு இடைவெளியைக் கடைசிப் பக்கத்துக்கு வைத்திருக்கத் தேவையில்லை. கொஞ்சம் களம், உடனே ஒரு கேள்வி, மறுபடி களம் என்று போகலாம்.

எங்கள் பிள்ளைகள் தடுக்கி விழுவது இரண்டாவது நகர்வில்தான். நூலுக்குப் பாயிரம், அதாவது முன்னுரை, எப்படி அமைய வேண்டும் என்று நன்னூல் எட்டு விடயங்களைச் சொல்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். முன்னோர் விட்டுவைத்த குறையைச் சொல் என்று அந்தப் பட்டியலில் இல்லை. போதாததற்கு அவையடக்கம் வேறு நம் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. பெரிய பேராசிரியர் எழுதியதில் இது விடுபட்டிருக்கிறது என்று சொல்ல நமக்குக் கை வராது. அப்படிச் சொல்வது மரியாதைக்குறைவு அல்ல, தங்கச்சி. அவர் எதுவரை வந்தார் என்று சரியாகச் சொல்வதுதான் அவரைக் கவனமாக வாசித்ததற்குச் சான்று.

நீங்கள் எழுதியிருப்பது: 'இலங்கையில் இது பற்றிய ஆய்வுகள் மிகக் குறைவு.' இந்த வசனத்தை எந்தத் தலைப்பிலும் போடலாம், அதனால் அது எதையும் சொல்வதில்லை. நீங்கள் வாசித்தவை வெள்ளத்தின் உயரத்தையும் சேதத்தின் பெறுமதியையும் கணக்கிட்டவை என்றால் அதைச் சொல்லுங்கள். அடுத்த வசனத்தை 'ஹவெவர்' (ஆனால்) என்று தொடங்கி, திரும்பி வரும் முடிவை வீட்டில் யார், எதை வைத்து எடுக்கிறார்கள் என்று அவை கேட்கவில்லை என எழுதுங்கள். மூன்றாவது வசனம், 'இந்த ஆய்வு அதைக் கேட்கிறது.' இந்த மூன்று வசனங்களும் உறுதியாக நின்றால் மற்றப் பக்கங்கள் தானாக ஒழுங்குக்கு வரும்.

நான்காம் பக்கத்தில் ஒவ்வொரு வசனமும் ஒரு ஆய்வாளர் பெயரில் தொடங்குகிறது. அவர் சொன்னார், இவர் சொன்னார் என்று வரவு இடாப்பு கூப்பிடுவது போல இருக்கிறது. கருத்தை முன்னால் வையுங்கள், பெயர்களை அடைப்புக்குறிக்குள் தள்ளுங்கள். ஒரே கருத்துள்ள நாலு பேரை ஒரு வசனத்தில் அடக்கலாம்.

அந்த வீடுகளில் நீங்கள் பேசியது தமிழிலும் சிங்களத்திலும்தானே? அப்படியென்றால் அறிமுகத்தின் சாரத்தை முதலில் தமிழில் அரைப் பக்கம் எழுதுங்கள். யோசிப்பதும் மொழியோடு மல்லுக்கட்டுவதும் ஒரே நேரத்தில் வேண்டாம். பிறகு ஆங்கிலத்துக்குப் போகும்போது தமிழ் வசனத்தை அப்படியே பெயர்க்காமல், கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக எழுதுங்கள். வசன அமைப்புகளுக்கு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் 'அகடெமிக் ஃபிரேஸ்பேங்க்' என்ற ஆங்கில ஆய்வுத் தொடர்களின் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பொதுவான தொடர்களை அதிலிருந்து எடுப்பது திருட்டு ஆகாது. இன்னொருவருடைய பந்தியை எடுத்து நாலு சொல்லை மாற்றிப் போடுவதுதான் திருட்டு. ஆங்கிலம் தட்டுத்தடுமாறும் நேரத்தில் அந்த ஆசை எல்லோருக்கும் வரும், கவனம்.

காசு கொடுத்து எழுதுவிப்பது பற்றி: வேண்டவே வேண்டாம். வாய்மொழிப் பரீட்சையில் 'ஏன் இந்த இடைவெளி?' என்று கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பிடிபட்டால் போவது பட்டம் மட்டுமல்ல, வேலையும்தான். எல்லாம் எழுதி முடித்தபின் மொழித் திருத்தத்துக்கு ஒருவரிடம் கொடுக்கலாம், அதையும் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். பட்டத்தை விடுகிற பேச்சுக்கே இப்போது இடமில்லை.

அப்புறம், உங்கள் பீடத்தில் அண்மையில் தேறிய இரண்டு மூன்று ஆய்வேடுகளை நூலகத்தில் கேட்டு எடுங்கள். அறிமுகத்தை மட்டும் வாசித்து, களம், இடைவெளி, அந்த ஆய்வின் இடம் என்று மூன்று நிறத்தில் பென்சிலால் குறியுங்கள் (போட்டோகொப்பியில்தான், நூலகப் பிரதியில் அல்ல). அதே நிறங்களை உங்கள் அத்தியாயத்துக்கும் போட்டுப் பாருங்கள். அடுத்த சந்திப்புக்கு முழு அத்தியாயத்தையும் கொண்டுபோகாதீர்கள். அந்த மூன்று வசனங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், 'இந்த இடைவெளி உண்மையானதா, சேர்?' என்று அதை மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள், அதன் பிறகு முதல் பக்கத்தைச் சேர்ந்து பார்ப்போம்.