மன்னர் இல்லாவிட்டால் வரலாறு இல்லையா?

கேள்வி: நைஜீரியாவின் இக்போ மக்களுக்கு மன்னர்களே இருந்ததில்லை என்று படித்தேன். அரசும் அரண்மனையும் இல்லாதவர்களுக்கு அப்படி என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது?

பதில்: வெள்ளைக்காரனுக்கும் இதே சந்தேகம்தான் வந்தது. வடக்கே அமீர்கள் என்ற முஸ்லிம் மன்னர்களை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து ஆண்டு பழகியவர்கள், தென்கிழக்கே இக்போ ஊர்களுக்கு வந்து ராஜாவைத் தேடினால் ஆள் அகப்படவில்லை. (ஒனிட்சாவில் மன்னர் உண்டு, ந்ரியில் படையே இல்லாமல் சடங்கு அதிகாரத்தால் மட்டுமே செல்வாக்குப் பெற்ற பூசாரி மன்னர் உண்டு. அதனால் ‘இருந்ததே இல்லை’ என்பதும் முழுசாகச் சரியில்லை.) மற்றபடி பெரும்பாலான ஊர்களில் பெரியவர்களும், ஒத்த வயதுக்காரர்களின் குழுக்களும், ஊர்க் கூட்டமும் பேசித்தான் எதையும் முடித்தார்கள். சரி, ராஜா இல்லையென்றால் உண்டாக்கிவிடலாம் என்று ஆங்காங்கே ஒருவரைப் பிடித்து, நியமனச் சீட்டு கொடுத்து, ‘வாரன்ட் தலைவர்’ ஆக்கினார்கள். அவர்களில் பலர் லஞ்சத்திலும் அடாவடியிலும் பேரெடுத்தார்கள்.

1929 நவம்பரில் ஒலோக்கோ என்ற ஊரில் ந்வான்யெருவா என்ற விதவை பனையெண்ணெய் பிழிந்துகொண்டிருந்தார். தலைவர் ஒகுகோ அனுப்பிய ஆள் வந்து ஆடு எத்தனை, ஆள் எத்தனை என்று எண்ணச் சொன்னான். ஆண்களை எண்ணிய கையோடு வரி போட்டது ஊருக்கே தெரியும், அடுத்து பெண்கள் தலையிலும் கட்டப்போகிறார்கள் என்று புரிந்துகொண்ட அந்த அம்மாள் ‘உன் அம்மாவை எண்ணியாயிற்றா?’ என்று எகிறினார். பனை ஓலை கைமாறி ஊர் ஊராகச் செய்தி போனது. ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். தப்பு செய்த ஆணின் வீட்டு வாசலில் கூடி, பரிகாசப் பாட்டு பாடி, உலக்கையால் சுவரை இடித்து, அவன் வழிக்கு வரும்வரை நகராமல் இருப்பது இக்போ பெண்களுக்குப் பழைய வழக்கம். அதையே இப்போது தலைவர்கள் வீட்டு வாசலில் செய்து, பதவித் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். நீதிமன்றங்கள் எரிந்தன, பக்கத்து இனமான இபிபியோ பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள். ஒகுகோ சிறைக்குப் போனார். அடுத்த சில ஆண்டுகளில் வாரன்ட் தலைவர் ஏற்பாட்டையே அரசாங்கம் கைவிட்டது. இது வரலாறு இல்லையென்றால் வேறு எது?

பழமைதான் வேண்டுமா? 1938 வாக்கில் இக்போ-உக்வுவில் ஒருவர் வீட்டு வளவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பள்ளம் தோண்டும்போது வெண்கலப் பொருள்கள் வந்தன. பிறகு நடந்த அகழாய்வில் லட்சத்துக்கும் மேற்பட்ட மணிகள் கிடைத்தன. காலம் 9ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். ஒரு வெண்கலக் கலத்தைச் சுற்றிக் கயிற்று வலை பின்னியது போலவே உலோகத்தில் வார்த்திருக்கிறார்கள், முடிச்சு முடிச்சாக.

அதற்காக அவர்களைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் சந்ததி என்று ‘ஓசு’ மக்களைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைத்ததும் இதே சமூகம்தான். 1956இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன் வம்சம் விசாரிக்கும்போது அது இன்றும் தலைகாட்டுகிறது.