பிளாஸ்மா மெஷின் பாதியில் நிற்கிறதா? பம்பை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

ஒரு சிறிய மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் பொறுப்பில் இருக்கும் நர்ஸ் கேட்டிருக்கிறார்: "ஆபரேஷன் கருவிகளில் கிருமி நீக்க, புதிதாக பிளாஸ்மா ஸ்டெரிலைசர் வாங்கினோம். லேப்ராஸ்கோப்பி கருவிகளை வைத்தால் பாதியிலேயே சைக்கிள் கேன்சல் ஆகிறது. விற்ற டீலர் வேக்குவம் பம்பை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?"

பம்புக்கு இப்போது பணம் கட்டாதீர்கள், சிஸ்டர். முதலில் எந்தக் கருவியும் வைக்காமல் ஒரு சைக்கிள் ஓட்டுங்கள். அது முழுதாக ஓடி முடிந்தால் பம்ப் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு நீங்கள் உள்ளே வைக்கும் பொருளில். காலியாகவே நின்றுபோனால் டீலரை விட்டுவிட்டுத் தயாரித்த கம்பெனியின் இன்ஜினியரை வரச்சொல்லி, லீக் டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டை எழுத்தில் வாங்குங்கள்.

இந்த மெஷின் கருவி வைக்கும் தன் உள்ளறையின் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஹைட்ரஜன் பெராக்சைடை ஆவியாக விடுகிறது, பிறகு மின்சக்தியால் பிளாஸ்மா உண்டாக்குகிறது. சூடு ஏறக்குறைய 50 டிகிரிதான், கடைசியில் மிஞ்சுவது நீராவியும் ஆக்சிஜனும். கருவியின் குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தாலும் அது வேக்குவத்தில் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அழுத்தம் இறங்காது, மெஷின் நின்றுவிடும். துணியால் துடைத்தால் போதாது. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, குழாய்களுக்குள் ஏர் கன் வைத்து ஊதிக் காயவையுங்கள்.

அடுத்தது துணி. பருத்தித் துணி, காயத்துக்குக் கட்டும் காஸ் துணி, பேப்பர் எதுவும் உள்ளே போகக்கூடாது. இவை பெராக்சைடைக் குடித்துவிடும், கருவிக்குப் போய்ச் சேராது. ட்ரே அடியில் விரிக்கும் சின்னத் துண்டு, முனை குத்தாமல் இருக்கச் சுற்றும் காஸ், பேர் எழுதி உள்ளே போடும் பேப்பர் சீட்டு, எல்லாமே இதில் அடக்கம். 'ஒரு துண்டுதானே' என்று விடும் இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறோம். நீராவிச் சூட்டில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு வாங்கிய பேப்பர் பவுச்சும் ஆகாது. டைவெக் என்ற பிளாஸ்டிக் இழையில் செய்த பவுச் வேண்டும். இரண்டும் பார்க்க வெள்ளையாக ஒரே மாதிரி இருக்கும், அதை வைத்தே விலை குறைவு என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். டப்பாவில் பிளாஸ்மாவுக்கு என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். மெஷினுக்குப் பெராக்சைடு தரும் கேசட்டை வெளியில் நிரப்பி யார் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

'இது வந்தாச்சு, ஆட்டோகிளேவை எடுத்துடலாம்' என்று சொல்கிற டீலர்களை நிறையப் பார்த்துவிட்டேன். காய்ந்த ட்ரேயை வைத்து டெமோ காட்டுவார்கள், மேலே உட்கார்ந்திருப்பவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், தினமும் மெஷினோடு நிற்கப்போகிற நர்ஸை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். எத்தனை வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருப்பது! துணிமணிகளுக்கு ஆட்டோகிளேவ்தான். சூடு தாங்கும் ஸ்டீல் கருவிகளுக்கும் அதுவே போதும், 121 அல்லது 134 டிகிரி. நீளமான, ஒடுங்கிய குழாய் உள்ள கருவி என்றால் உங்கள் மாடலின் கையேட்டில் விட்டமும் நீளமும் எவ்வளவு வரை என்று போட்டிருக்கும், அதைத் தாண்டினால் வைக்காதீர்கள்.

கேன்சல் ஆன லோடில், பெராக்சைடு பட்டதைக் காட்டும் ஸ்ட்ரிப் நிறம் மாறியிருந்தாலும் அது ஸ்டெரைல் இல்லை. அவசரம் என்று டாக்டர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மறுபடி காயவைத்து, புதுப் பவுச்சில் போட்டு, முழு சைக்கிள் ஓட்டவேண்டும். கேன்சல் ஆன லோடை வெளியே எடுக்கும்போது கையுறை கட்டாயம், பெராக்சைடு மிச்சம் பட்டால் தோல் வெந்துவிடும்.