ரீமேப் செய்த டீசல் காருக்கு பழைய கிளட்ச் போதுமா?

1.3 டீசல் ஸ்விஃப்டை ரீமேப் செய்தால், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி சக்தியைக் கூட்டினால், கம்பெனி கிளட்ச் தாங்குமா என்பது கேள்வி. நல்ல நிலையில் இருந்தால், அளவான டியூனிங்கை பெரும்பாலும் தாங்கும். தேய்ந்த கிளட்ச் பிளேட் தாங்காது.

கிளட்சைச் சோதிப்பது குதிரைசக்தி அல்ல, டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை. அந்த 75 குதிரைசக்தி இன்ஜினின் டார்க் 190 நியூட்டன் மீட்டர். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் அழுத்தம், உராய்வுப் பரப்பு இரண்டிலும் தயாரிப்பாளர் கொஞ்சம் இடம் விட்டிருப்பார். டியூனிங் தின்பது அந்த மிச்சத்தைத்தான். டீசலில் டார்க் 2000 ஆர்பிஎம்மிலேயே முழுதாக வந்துவிடும், அதனால் முதலில் வழுக்குவது உயர் கியரில்.

நெல்லை அருகே கங்கைகொண்டான் பக்கம் நாற்கரச் சாலை காலியாக இருக்கும்போது, நாலாம் கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் துள்ளினால் கிளட்ச் வழுக்குகிறது. உடனே காலை எடுங்கள்; தொடர்ந்து மிதித்தால் பிளேட் உரசும் ஃப்ளைவீல் சக்கரமும் கருகும்.

மாற்றுவதென்றால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்த்தே. கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீலையும் பாருங்கள். அது கசிந்தால் புது பிளேட்டும் வழுக்கும். பட்டன் வகை செராமிக் பிளேட் வேண்டாம், நெல்லை வண்ணார்பேட்டை நெரிசலில் வண்டி உதறும். முதல் 500 கிலோமீட்டர் முழு டார்க் கொடுக்காதீர்கள்.

மாஞ்சோலை ஏற்றத்தில் அரை கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடிப்பவர்களுக்கு, ரீமேப் இல்லாமலே பிளேட் போய்விடும்.