ங்கா வந்தது, பாபா வரவில்லை

கேள்வி: என் மகளுக்கு 9 மாதம். மூன்றாம் மாதத்திலேயே நன்றாக 'ங்கா' சொன்னாள். இப்போதும் 'ஆ', 'ஊ' என்று வீடே அதிரக் கத்துகிறாள். ஆனால் 'பாபாபா', 'மாமாமா' என்று அடுக்கிச் சொல்வதே இல்லை. ஆட்டிசமாக இருக்குமோ? ஒரு வயது வரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். அதற்காக ஆட்டிசம் என்று இப்போதே முடிவு கட்டவும் வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது காது.

'ஆ', 'ஊ' எல்லாம் உயிரெழுத்து. வாயைத் திறந்து குரல் விட்டாலே வந்துவிடும். 'பா', 'மா', 'தா' உயிர்மெய். உதட்டையோ நாக்கையோ மூடித் திறக்கிற அதே நொடியில் குரலும் சேர வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது 6 முதல் 10 மாதத்துக்குள் கைவந்துவிடும். அதனால் எவ்வளவு சத்தம் என்பதைவிட எந்த மாதிரிச் சத்தம் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். உங்கள் மகள் இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறாள். குறைமாதத்தில் பிறந்தவள் என்றால் பிரசவத் தேதியாகக் குறித்திருந்த நாளிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள்.

'ங்கா' வந்ததே, காது கேட்காமலா என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிறவியிலேயே காது கேளாத குழந்தையும் 'ங்கா' சொல்லும், சிரிக்கும், கத்தும். அடுத்தவர் குரலும் தன் குரலும் காதில் விழுந்தால்தான் உயிர்மெய் அடுக்கு காலத்தில் வரும். பிறந்தபோது செய்த சோதனையில் தேறியிருந்தாலும் கேட்கும் திறன் பிறகு குறையலாம். நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். முதுகுப் பக்கம் தட்டைத் தட்டிப் பார்ப்பதெல்லாம் சோதனையே அல்ல. பாதி கேட்கும் குழந்தையும் அதற்குத் திரும்பும். காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா (BERA) பரிசோதனை கேளுங்கள். குழந்தை தூங்கும்போது தலையில் சிறு ஒயர்களை ஒட்டி, காதுக்குள் ஒலி விட்டு, அது நரம்பு வழியே மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பார்கள். வலி இருக்காது.

காது சரியாக இருந்தால்? பின்னாளில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட குழந்தைகள் சிலரிடம் இந்த அடுக்கு குறைவாக இருந்தது உண்மைதான். ஆனால் வெறும் பேச்சுத் தாமதத்திலும் அப்படித்தான் இருக்கும். சத்தத்தை மட்டும் வைத்தே சந்தேகம் எழும் கோளாறுகள் அபூர்வம்: 1963-இல் லெழூன் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த 'பூனை அழுகை' நோய் அதில் ஒன்று. 5-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாததால், பச்சைக் குழந்தை பூனைக்குட்டி போல அழும்.

நான் கவனிப்பது கொடுக்கல் வாங்கலை. துணி மாற்றும்போது முகத்துக்கு நேராகக் குனிந்து 'பா' என்று ஒருமுறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். (பெற்றோரால் இரண்டுக்கு மேல் எண்ண முடிவதில்லை!) உங்கள் வாயைப் பார்க்கிறாளா? ஏதாவது ஒரு சத்தம் திருப்பித் தருகிறாளா? 'ஊ' என்று தந்தாலும் நல்ல சேதிதான். பெயர் சொன்னால் திரும்புகிறாளா என்றும் பாருங்கள். முகம் பார்ப்பதும் பதில் தருவதும் சேர்ந்தே குறைவாக இருந்தால் குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பு சொன்ன சத்தங்கள் நின்றுபோனால், எந்த வயதானாலும், அந்த வாரமே போங்கள்.

போகும்போது போனில் வீடியோ எடுத்துப் போங்கள். புது இடத்தில் குழந்தை வாயே திறக்காது. அவள் தனியாக விளையாடும்போது இரண்டு நிமிடம், உங்களோடு இருக்கும்போது இரண்டு நிமிடம் போதும். டிவியை அணைத்துவிட்டு எடுங்கள்.