வராதவர்களின் வீடுகள்

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரியில் உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்காக ஒரு கிராமத்தில் தங்கியிருந்தோம். இரத்தசோகை பற்றிப் பேரணி நடத்தினோம். மருத்துவ முகாமுக்கு இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். கிளம்பும் நாளில் ஒரு பாட்டி, "போன வருசமும் இப்படித்தான் பிள்ளைங்க வந்துச்சுங்க, அப்புறம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கல" என்றார். அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எல்லோருக்கும் சமமான நலவாழ்வு என்று பேசிய நாங்கள் உண்மையில் என்ன செய்தோம்? முதலில் படித்து ஒரு நிலைக்கு வந்த பிறகு சேவைக்குப் போவதுதான் முறையா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

பாட்டி சொன்னது குறை மட்டுமல்ல, மறுபடியும் வாருங்கள் என்ற அழைப்பும்கூட. அந்த உறுத்தலை ஆற விட்டுவிடாதீர்கள்.

உங்கள் முகாமுக்கு வந்த இருநூறு பேரும் அன்றைய கூலியை விட முடிந்தவர்கள், நடந்து வர முடிந்தவர்கள். நடவுக்குப் போனவரும், படுக்கையில் கிடக்கும் முதியவரும், வீட்டில் கேட்காமல் வெளியே வர முடியாத மருமகளும் அதில் இருந்திருக்க மாட்டார்கள். முகாம் எந்தத் தெருவில் நடந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஊர்க்கோயில் மண்டபத்தில் நடந்திருந்தால், காலனியிலிருந்து எத்தனை பேர் தயக்கமில்லாமல் படியேறியிருப்பார்கள்? நலவாழ்வில் ஏற்றத்தாழ்வு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படி வராதவர்களின் வீடுகளில்தான் இருக்கிறது.

2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இத்தனைக்கும் இரும்புச்சத்து மாத்திரை அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். இது ஏன் என்று எனக்கு ஓரளவேனும் விளங்கியது, சில ஆண்டுகளுக்கு முன் செவிலியர் மாணவியர் சிலருடன் ஒரு கிராமத்துக்குப் போனபோதுதான். ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர், அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். இரண்டு சிவப்பு மாத்திரைகள் மட்டும் குறைந்திருந்தன. முதல் நாள் குமட்டியதாம், மறுநாள் மலம் கறுப்பாகப் போகவே பயந்து நிறுத்திவிட்டாராம். காலை ஆறு மணிக்குக் களையெடுக்கக் கிளம்புகிறவர் அவர். வெறும் வயிற்றில் ஒரு டீ, அதோடு மாத்திரை. தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது என்று உடன் வந்த மாணவியரில் ஒருவர் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்தான். சற்று நேரம் பேசாமல் நின்றவர், உடன் வந்த கிராம சுகாதார செவிலியரிடம், "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கச் சொல்லலாமா அக்கா?" என்று கேட்டார். கறுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பதைச் செவிலியர் சொன்னார். இரண்டு வாரம் கழித்து அந்த மாணவி மறுபடியும் அதே வீட்டுக்குப் போனபோது அட்டை காலியாகியிருந்தது. பாடத்தில் படித்த ஒரு வரி ஒரு பெண்ணின் இரவுச் சாப்பாட்டோடு வந்து சேர்வதை நான் அங்கே பார்த்தேன். அதை வெறும் சேவை என்றோ வெறும் படிப்பு என்றோ என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

ஆராய்ச்சியிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. காசநோய் என்றால் நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் உள்ள சானடோரியத்தில் படுத்தே ஆகவேண்டும் என்று நம்பிய காலத்தில், அங்கே இடம் கிடைக்காத ஏழை என்ன செய்வது என்ற கேள்வியோடு 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளில் ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும் மறுபாதியினரைத் தங்கள் நெருக்கடியான வீடுகளிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். வீட்டிலிருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டும், ஓய்வு குறைந்தும், ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது.

படித்து முடித்த பிறகா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் அரோளே, மேபல் அரோளே தம்பதியர் மகாராஷ்டிரத்தின் ஒரு கிராமப்புற மருத்துவமனையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார்கள், பிறகு அமெரிக்கா போய்ப் பொதுச் சுகாதாரம் படித்தார்கள், திரும்பி வந்து 1970-இல் ஜாம்கேட்டில் பணியைத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள் பலரை அவர்கள் சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். முதலில் பார்த்த வேலைதான் அவர்களைப் பிறகு எதைப் படிக்க வேண்டும் என்று தேட வைத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

நாட்டு நலப்பணித் திட்டம் உங்களிடம் இரண்டாண்டில் 240 மணி நேரம் கேட்கிறது. அதைப் பத்து ஊர்களுக்குப் பங்கிடாமல் அந்த ஒரே ஊரின் ஒரு தெருவுக்குக் கொடுக்க உங்கள் பேராசிரியரிடம் பேசிப் பாருங்கள். மாத்திரை கொடுப்பதும் மருத்துவம் சொல்வதும் உங்கள் வேலை அல்ல; கிராம சுகாதார செவிலியருடன் போங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆய்வகத்தில் ஹீமோகுளோபின் அளக்கக் கற்றிருப்பீர்கள். ஒன்பது என்ற குறைவான எண்ணை நோட்டில் எழுதும்போது, அது யாருடைய எண், அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வர எத்தனை ரூபாயும் எத்தனை மணி நேரமும் ஆகிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்த முறை பேனரும் கேமராவும் இல்லாமல் முதலில் அந்தப் பாட்டியின் வீட்டுக்குப் போங்கள். முகாமுக்கு அன்று வராதவர்கள் யார் யார் என்று கேட்டால், அவர் வீடு வீடாகச் சொல்லுவார்.

அன்புடன்.