வீட்டு வைஃபையில் ஒரு விலை, மனைவியின் போனில் வேறு விலை: வழக்குப் போடலாமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். சென்ற மாதம் ஒரு பயண இணையதளத்தில் டெல்லிக்கு மூன்று விமான டிக்கெட் எடுத்தேன். வீட்டு வைஃபை, என் லேப்டாப். ஆளுக்கு 9,420 ரூபாய். அன்று மாலை மனைவி தன் போனில், மொபைல் டேட்டாவில் பார்த்தார். அதே விமானம் 8,310 ரூபாய். நான் இரண்டு நாளாகத் தேடுவதை ஐபி முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்) வைத்துக் கண்டுபிடித்து விலையை ஏற்றிவிட்டார்கள் என்கிறார் நண்பர். இது சட்டப்படி சரியா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் இல்லை. மனைவி எத்தனை பேருக்குத் தேடினார்? ஒருவருக்கு என்றால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும். விமான நிறுவனங்கள் ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல கட்டண அடுக்குகளாகப் பிரித்து விற்கின்றன. மலிவான அடுக்கில் இரண்டு இருக்கைதான் மிச்சம் என்றால், மூன்று பேருக்குத் தேடும்போது பெரும்பாலும் மூவருக்கும் அடுத்த அடுக்கின் விலையே வரும். ஒருவருக்குத் தேடினால் மலிவு விலை தெரியும். இதில் உளவும் இல்லை, சட்ட மீறலும் இல்லை. நடுவில் யாராவது டிக்கெட்டை ரத்து செய்து, மாலையில் மலிவு அடுக்கு மறுபடி திறந்திருக்கவும் கூடும்.

ஐபி முகவரியைப் பற்றியும் தெளிவு தேவை. அதை வைத்து நிறுவனத்துக்குத் தெரிவது பெரும்பாலும் இணைப்பு நிறுவனத்தின் பெயரும் ஏறக்குறைய எந்த ஊர் என்பதும்தான். நம் ஊர் பிராட்பேண்டில் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வது சாதாரணம். கோவை இணைப்பு சென்னை என்று காட்டுவதும் உண்டு. உங்களை இன்னார் என்று அடையாளம் காட்டுவது குக்கீயும் (தளம் உங்கள் பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு கோப்பு), லாகின் செய்த மொபைல் எண்ணும், செயலி படிக்கும் சாதன விவரமும்தான். பிரவுசரின் இன்காக்னிட்டோ என்ற தனிச் சாளரத்தில் திறந்தால் பழைய குக்கீ போகாது. ஐபி முகவரி அப்படியேதான் போகும்.

இனி சட்டம். எல்லோருக்கும் ஒரே விலைக்கு விற்க வேண்டும் என்று பொதுவான சட்டம் கிடையாது. பாக்கெட் பொருளை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கூடாது. அதற்குக் கீழே யாருக்கு எவ்வளவு என்பது விற்பவர் முடிவு. ஆனால் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020 ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 4ஆவது விதியின் 11ஆவது உட்பிரிவு இரண்டு செயல்களைத் தடுக்கிறது. நியாயமற்ற லாபத்துக்காக விலையைத் திரித்து, காரணமில்லாத விலையை நுகர்வோர் தலையில் கட்டக் கூடாது. ஒரே வகை நுகர்வோருக்குள் பாகுபாடு காட்டவோ, அவர்கள் உரிமையைப் பாதிக்கும்படி தன்னிச்சையாக வகை பிரிக்கவோ கூடாது. உங்கள் வழக்கு நிற்க வேண்டிய இடம் இந்த இரண்டாவது பகுதி. முதல் முறை வாங்குபவருக்குத் தள்ளுபடி, குறிப்பிட்ட வங்கி அட்டைக்குச் சலுகை என்றால் நிறுவனம் காரணம் சொல்லித் தப்பிவிடும். இரண்டு நாள் தேடினார் என்பதற்காகவே ஒருவரிடம் கூடுதலாக வாங்கினால் அதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

2023 நவம்பர் 30இல் வந்த டார்க் பேட்டர்ன் (வாங்குபவரை ஏமாற்றும் இணையதள வடிவமைப்பு உத்தி) வழிகாட்டுதல்களைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதிலுள்ள 13 வகைகளில் ஆளுக்கொரு விலை என்பது இல்லை. கடைசிப் பக்கத்தில் கட்டணத்தைக் கூட்டுவது, பொய்யாக அவசரம் காட்டுவது ஆகியவை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் தானியங்கி முறையில் ஆளுக்கேற்ப விலை வைத்தால் அதை வாங்குபவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இங்கே அப்படி ஒரு கடமையை வெளிப்படையாக விதிக்காதது பெரிய குறை என்பதே என் கருத்து. 2025 ஜனவரியில், ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வேறு வேறு கட்டணம் காட்டுவதாக எழுந்த புகாரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா, ஊபர் நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இரண்டும் மறுத்தன. நிறுவனம் மறுத்தால் நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். அதனால் ஆதாரம்தான் எல்லாம்.

காலையில் ஒரு ஸ்கிரீன்ஷாட், மாலையில் ஒன்று என்றால் வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நிற்காது. அதே தளத்தில் இப்படிச் செய்து பாருங்கள். லேப்டாப்பையும் போனையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் லாகின் வேண்டாம், செயலி வேண்டாம், பிரவுசர் மட்டும். ஒரே விமான எண், தேதி, பயணிகள் எண்ணிக்கை, லக்கேஜ் சேர்ந்த ஒரே கட்டண வகை. தானாக ஒட்டிக்கொள்ளும் கூப்பனை நீக்குங்கள். தேடல் பக்கத்து விலை பழையதாக இருக்கக்கூடும் என்பதால் பணம் கட்டும் பக்கம் வரை போய், அங்குள்ள மொத்தத் தொகையைப் பாருங்கள். பிறகு இணைப்பை மாற்றுங்கள்: போனை வைஃபையில் போட்டுப் பாருங்கள்; அதன்பின் போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பைப் போடுங்கள். விலை இணைப்போடு நகர்ந்தால் ஐபி மீது சந்தேகம். சாதனத்தோடு தங்கினால் குக்கீ அல்லது சாதன விவரம். லாகின் செய்தால் மட்டும் மாறினால் உங்கள் கணக்கு. உடனே பழைய நிலைக்குத் திரும்பி மறுபடி பாருங்கள். பழைய விலையே திரும்ப வந்தால்தான் இடையில் அடுக்கு மாறவில்லை என்று சொல்ல முடியும். அதே நிமிடம் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்து விலையையும் எடுத்துவையுங்கள். முழுவதையும் கடிகாரமும் முகவரிப் பட்டையும் தெரியும்படி வீடியோ எடுங்கள்.

இந்தப் பதிவுகளை ஆணையத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்), பிரிவு 63(4)இன்படி சான்றிதழ் இணையுங்கள். அந்தப் படிவத்தில் ஏ பகுதி உங்களுக்கு, பி பகுதி நிபுணருக்கு. கோப்பின் ஹாஷ் எண்ணும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடு) அதில் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய நகலைத் தராதீர்கள். மூலக் கோப்பு அந்தச் சாதனத்திலேயே இருக்கட்டும்.

அடுத்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். புக்கிங் எண்ணைக் குறிப்பிட்டு மூன்றே கேள்வி கேளுங்கள்: எனக்குக் காட்டிய விலையைத் தீர்மானிக்க என் தேடல் வரலாறு, சாதனம், ஐபி முகவரி, கணக்கு விவரம் ஆகியவற்றில் எது பயன்பட்டது? அன்று அதே கட்டண அடுக்கில் மற்றவர்களுக்கு என்ன விலை? அந்தத் தேடல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கிறீர்களா? 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். மழுப்பலான பதில் வந்தாலும், பதிலே வராவிட்டாலும் உங்களுக்குச் சாதகம்தான். இணையாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை (2023) இப்போதைக்கு நம்ப வேண்டாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. உங்கள் தரவை என்ன செய்தார்கள் என்று கேட்கும் உரிமை உட்பட முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்துத்தான், அதாவது 2027 மே மாதத்தில் அமலுக்கு வருகின்றன. அந்தச் சட்டம் நிறுவனத்துக்கு அபராதம் போடும். உங்களுக்கு இழப்பீடு தராது.

குறைதீர் அலுவலர் கைவிரித்தால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். நிறுவனத்தின் அலுவலகம் எங்கிருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே மனு போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பிரிவு 34 அனுமதிக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. வித்தியாசத் தொகை 3,330 ரூபாய், மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். மனுவோடு, தேடல் பதிவுகளையும் விலை நிர்ணயப் பதிவுகளையும் நிறுவனம் தாக்கல் செய்யும்படி பிரிவு 38(9)இன் கீழ் ஒரு இடைக்கால மனுவும் போடுங்கள். வெளியே இருந்து நீங்கள் எத்தனை வீடியோ எடுத்தாலும், ஏன் அந்த விலை என்பது அவர்கள் சர்வரில்தான் இருக்கிறது. இந்த மனு இல்லாமல் போனால் உங்கள் வழக்கு ஊகமாகவே முடியும்.

கால வரம்பு, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. உங்களுக்கு அது புக்கிங் செய்த நாள். மனைவி அன்று மூன்று பேருக்குத்தான் தேடினார் என்றால் அவர் போனின் பிரவுசர் வரலாற்றை இன்றே சேமித்துவிட்டு குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒருவருக்குத்தான் தேடினார் என்றால் இந்த டிக்கெட்டுக்காக வழக்குப் போட வேண்டாம். மேலே சொன்ன சோதனையை அடுத்த புக்கிங்கில், பணம் கட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.